ஒடுங்கிய தோள்

சென்ற ஆண்டு ஓய்வூதியர் நேர்காணலுக்காகக் கருவூலத்திற்குச் சென்றிருந்தேன். நான் இன்னும் உயிரோடு இருக்கிறேன் என்பதை ஆண்டுக்கு ஒருமுறை அரசுக்கு மெய்ப்பிக்க வேண்டிய கடமை என்னைப் போன்றவர்களுக்கு உண்டு. வீட்டிலிருந்தபடியே கைவிரல் ரேகை வைத்து முடித்துவிடலாம் என்று இப்போது ஒரு வசதி வந்திருக்கிறது. ஆனால் தேய்ந்துபோன என் விரல்களை அந்த இயந்திரம் ஏற்க மறுத்துவிட்டது. ஆகவே, நேரிலேயே போய் நின்றேன். துணைக்கு மகள் வயிற்றுப் பேரன் வந்திருந்தான்.

வரிசை நகர்ந்து என் முறை வந்தது. மேசைக்கு அப்பால் முப்பது வயது நிரம்பாத ஓர் இளைஞர். "சார், ஆதார் நகல் இதுல இருக்கு சார். பாஸ் புத்தகமும் வச்சிருக்கேன் சார்" என்று குனிந்து நீட்டினேன். அவர் மரியாதையுடன்தான் நடந்துகொண்டார். "உட்காருங்க ஐயா" என்று நாற்காலியைக் கூடக் காட்டினார். ஆயினும் நான் உட்காரவில்லை. வேலை ஐந்து நிமிடத்தில் முடிந்தது.

வெளியே வந்ததும் பேரன் கேட்டான்: "நன்னா, அந்த அண்ணன் நம்ம மாமாவைவிடச் சின்னவரு. அவரைப் போய் ஏன் சார் சார்னு கூப்பிட்டீங்க?"

அவனுக்குச் சொல்ல விடை ஏதும் கிடைக்காமல், இளநீர் வாங்கிக் கொடுத்து வீட்டுக்கு அழைத்து வந்தேன். முப்பத்தாறு ஆண்டுகள் மேசைக்கு அந்தப் பக்கம் அமர்ந்து, எத்தனையோ பேர் வாயிலிருந்து அதே சொல்லைக் கேட்டவன் நான். அந்தச் சொல் ஒரு மனிதனின் முதுகை எப்படி வளைக்கிறது என்பதை எனக்கு முதலில் காட்டித் தந்தவை சட்டப் புத்தகங்களல்ல, சில சிறுகதைகள். அக்கதைகளைப் பற்றியும், அவற்றை நான் நெடுங்காலம் தவறாகப் படித்து வந்ததைப் பற்றியும் இங்கே எழுத விரும்புகிறேன்.

கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த நாளில், எங்கள் ஊர்க் கண்காட்சியில் நியூ செஞ்சுரி புக் ஹவுஸார் கடை போடுவார்கள். மாஸ்கோவில் அச்சான தமிழ்ப் புத்தகங்கள், கெட்டி அட்டையுடன், ஒரு வேளைச் சாப்பாட்டுக் காசுக்குக் கிடைக்கும். ருஷ்யச் சிறுகதைகள் அப்படித்தான் என்னிடம் வந்து சேர்ந்தன. அவற்றுள் நிகலாய் கோகல் எழுதிய மேலங்கிக் கதையும் ஒன்று. 1842 இல் வெளிவந்தது. அதைப் படித்த இரவு நான் உறங்கவில்லை.

அக்கதையைப் புரிந்துகொள்ள ருஷ்ய நாட்டின் அக்கால நிருவாக முறையைச் சிறிது தெரிந்துகொள்ள வேண்டும். மகா பீட்டர் என்னும் பேரரசர் 1722 இல் அரசு ஊழியர்கள் அனைவரையும் பதினான்கு படித்தரங்களாகப் பிரித்து ஒரு பட்டியல் வெளியிட்டார். 1917 புரட்சி வரை அது நிலைத்திருந்தது. எந்தப் படியில் நிற்பவரை எந்த மரியாதைச் சொல்லால் விளிக்க வேண்டும் என்பதற்கும் வரையறை இருந்தது. மனிதனை அழைக்கும் சொல்லைக்கூட அரசாங்கமே அளந்து கொடுத்துவிட்டது. நம் நாட்டில் அப்படி எழுதிய சட்டம் ஏதுமில்லை, எழுதாமலே நடக்கிறது.

கதையின் நாயகன் அக்காக்கி அக்காக்கியெவிச். பீட்டர்ஸ்பர்க் நகரில் ஏதோ ஓர் இலாகாவில் படியெடுக்கும் எழுத்தர். ஒன்பதாம் படித்தரம். ஆண்டுச் சம்பளம் நானூறு ரூபிள். அவருடைய மேலங்கி நைந்து, முதுகுப் புறம் வலை போலாகிவிட்டது. அந்த ஊர்ப் பனியில் மேலங்கியின்றி நடமாட இயலாது. தையற்காரர் ஒட்டுப்போட மறுத்துவிடுகிறார். புதிது தைக்க எப்படியும் எண்பது ரூபிள் ஆகும். அந்த மனிதர் அதற்காக என்னென்ன செய்கிறார் தெரியுமா? மாலையில் தேநீர் குடிப்பதை நிறுத்துகிறார். இரவில் மெழுகுவத்தி ஏற்றுவதில்லை. காலணியின் அடி தேயக்கூடாதென்று தெருவில் நுனிக்காலால் மெல்ல நடக்கிறார். கழுத்துப் பட்டைக்கு நல்ல மென்மயிர்த் தோல் வாங்க வசதியில்லாமல் பூனைத் தோல் வாங்கி வைத்துத் தைக்கிறார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் வித்தியாசம் தெரியாதாம்! நோன்புப் பெருநாளைக்குப் பிள்ளைகளுக்குத் துணியெடுத்த எந்தக் குடும்பத் தலைவனுக்கும் இந்தக் கணக்கு விளங்கும்.

மேலங்கியை அணிந்த முதல் நாளிரவே அதனைத் திருடர்கள் பறித்துக்கொள்கிறார்கள். காவல் அதிகாரியிடம் போகிறார். அவரோ, திருட்டை விட்டுவிட்டு, "அவ்வளவு நேரங்கழித்து நீர் எங்கே போய் வந்தீர்?" என்ற போக்கில் விசாரிக்கத் தொடங்குகிறார். பிறகு, யாரோ சொன்னார்கள் என்று ஒரு பெரிய அதிகாரியைப் பார்க்கப் போகிறார். கோகல் அவருக்குப் பெயரே வைக்கவில்லை. 'முக்கியமான ஆள்' என்று மட்டும் குறிப்பிடுகிறார். அந்த முக்கியமான ஆள் போட்ட அதட்டலில் அக்காக்கிக்குக் கால்கள் துவண்டுவிடுகின்றன. அவரைத் தூக்கிக்கொண்டுதான் வெளியே கொண்டு வருகிறார்கள். பனிக்காற்றில் வீடு திரும்பியவருக்குத் தொண்டை வீங்கிக் காய்ச்சல் கண்டு, உயிர் பிரிந்துவிடுகிறது. அலுவலகத்தில் சில நாள்களுக்குப் பின்னர்தான் சேதி தெரிகிறது. மறுநாளே அவர் இடத்தில் வேறொருவர் அமர்ந்து எழுதிக்கொண்டிருக்கிறார். அவருடைய எழுத்து மட்டும் சற்றுச் சாய்வாக இருக்கிறதாம். (அக்காக்கியின் ஆவி மேலங்கிகளைப் பறிப்பதாகக் கதை மேலும் போகிறது. எனக்கு அந்தப் பகுதியில் அவ்வளவு ஈடுபாடு ஏற்படவில்லை.)

அன்றிரவு நான் அக்காக்கிக்காக அழுதேன். கதையிலே அவர் பக்கத்தில்தான் நான் நின்றுகொண்டிருந்தேன். அதில் எனக்கு ஒரு சந்தேகமும் தோன்றவில்லை.

செகாவ் எழுதிய கதைகளை அதன்பின் படித்தேன். 1884 இல் அவர் எழுதிய 'பச்சோந்தி' நம்மவர் பலருக்கும் தெரிந்ததே. சந்தையில் ஒரு நாய் பொற்கொல்லர் ஒருவரின் விரலைக் கடித்துவிடுகிறது. காவல் ஆய்வாளர் நாயைக் கொல்லச் சொல்கிறார். அது ஜெனரல் வீட்டு நாய் என்று ஒருவர் சொன்னதும் கடிபட்டவர் மீதே பாய்கிறார். இல்லையென்றால் மறுபடி நாயின் மீது. இப்படி மாறி மாறிப் பேசும்போதெல்லாம் மேலங்கியைக் கழற்றச் சொல்வதும் மாட்டச் சொல்வதுமாக அவருக்கு வியர்வையும் குளிரும் வந்து போகின்றன. நாய் அதே நாய். விரலும் அதே விரல். செகாவின் பாட்டனார் பண்ணையடிமையாயிருந்து பணம் கொடுத்துத் தம்மையும் குடும்பத்தையும் மீட்டுக்கொண்டவர். படித்தரம் என்பது மனிதனின் உடம்பில் எங்கெங்கே வந்து உட்காரும் என்பது அந்தப் பேரனுக்குப் பிறப்பிலேயே தெரிந்திருக்க வேண்டும்.

நம் துணைக்கண்டத்திலும் இத்தகைய கதைகளுக்குப் பஞ்சமில்லை. சஆதத் ஹஸன் மண்ட்டோவின் 'நயா கானூன்', அதாவது 'புதிய சட்டம்'. லாகூரில் மங்கு என்றொரு குதிரை வண்டிக்காரர். 1935 ஆம் ஆண்டின் இந்தியச் சட்டம் ஏப்ரல் முதல் தேதி நடைமுறைக்கு வரப்போகிறது என்று சவாரிக்கு வந்தவர்கள் பேசிக்கொள்வது அவர் காதில் விழுகிறது. வெள்ளைக்காரனிடம் பட்ட அவமானமெல்லாம் அன்றோடு தீர்ந்தது என்று அவர் நம்பிவிடுகிறார். குதிரையின் தலைக்குப் புதுக் குஞ்சம் வாங்கிக் கட்டுகிறார்! அந்த நாள் விடிகிறது. தெரு அப்படியே இருக்கிறது, கடைகள் அப்படியே இருக்கின்றன. சவாரிக்கு வந்த வெள்ளையன் வழக்கம்போல் பிரம்பை ஓங்குகிறான். மங்கு அவனைப் புரட்டியெடுக்கிறார். காவலர்கள் இழுத்துப் போகும்போது 'புதுச் சட்டம், புதுச் சட்டம்' என்று அவர் கத்துகிறார். சட்டம் பழையதுதான் என்று சொல்லி அடைத்துவிடுகிறார்கள். அந்தச் சட்டம் மாகாணங்களில் 1937 ஏப்ரல் முதல் நாள் நடைமுறைக்கு வந்தது என்பது வரலாறு. மங்குவின் வண்டிக்கு அது வந்து சேரவில்லை. நான் பணியில் இருந்த காலத்தில் எத்தனையோ அரசாணைகள் வந்தன. ஏழைகளுக்கு இன்ன சலுகை, இத்தனை நாளுக்குள் மனுவை முடிக்க வேண்டும் என்று அழகாகத் தட்டச்சு செய்யப்பட்டிருக்கும். அவற்றைக் கோப்பில் துளையிட்டுக் கோத்தவன் நான்தான். ஆகையால் மங்குவின் கதையைப் படித்து எனக்கு வியப்பு ஏற்படவில்லை.

என் மனத்துக்கு மிக நெருங்கிய கதை பிரேம்சந்தின் 'ஈத்கா'. அவரும் அரசு ஊழியராக இருந்தவர். பள்ளிகளின் துணை ஆய்வாளர். 1908 இல் வெளியிட்ட உருதுக் கதைத் தொகுப்பு தேசத் துரோகமானது என்று ஆங்கில ஆட்சியர் முடிவு செய்ய, கைவசமிருந்த படிகள் தீயிலிடப்பட்டன. அதன் பின்னரே 'பிரேம்சந்த்' என்னும் புனைபெயரை ஏற்றார். 1921 இல் அரசுப் பணியையே உதறினார். ஈத்கா 1933 இல் எழுதப்பட்டது. ஒரு ஹிந்துச் சகோதரர் நம் பெருநாளை இவ்வளவு உள்ளே வந்து எழுதியிருக்கிறாரே என்று எண்ணும்போதெல்லாம் நெஞ்சம் நெகிழ்கிறது.

தாய் தந்தையற்ற சிறுவன் ஹாமித், பாட்டி அமீனாவுடன் இருக்கிறான். பெருநாள் காசாக அவனுக்கு மூன்று பைசா. பாட்டியின் சுருக்குப் பையில் மீதி ஐந்து பைசா. மற்றப் பிள்ளைகள் மண் பொம்மை வாங்குகிறார்கள். அவன் பாட்டியின் விரல் தோசைக்கல் சூட்டில் வேகாதிருக்க ஓர் இடுக்கி வாங்குகிறான். இந்தப் பகுதியைத்தான் எல்லாரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். பாடப் புத்தகங்களிலும் இதைத்தான் வற்புறுத்துகிறார்கள்.

ஆனால் மற்றப் பிள்ளைகள் வாங்கிய பொம்மைகளைக் கவனித்திருக்கிறீர்களா? மஹ்மூது வாங்கியது காக்கிச் சட்டையும் சிவப்புத் தலைப்பாகையும் துப்பாக்கியுமாக ஒரு சிப்பாய். நூரே வாங்கியது கறுப்பு அங்கியும் கையில் சட்டப் புத்தகமுமாக ஒரு வக்கீல். அதிகாரத்தை ஆளுக்கு இரண்டு பைசா கொடுத்து வாங்கிக்கொண்டு அவர்கள் மகிழ்கிறார்கள். திடலுக்குப் போகும் வழியில் பிள்ளைகள் பேசிக்கொள்வதும் அதைப் பற்றியே. காவலர்களே திருடர்களோடு கூட்டு என்கிறான் ஒருவன். அவனுடைய மாமா ஒரு காவலர். மாதச் சம்பளம் இருபது ரூபாய், வீட்டுக்கு அனுப்புவது ஐம்பது ரூபாய். சின்னஞ்சிறு பிள்ளைக்கு இந்தக் கணக்கு தெரிந்திருக்கிறது, அதில் வெட்கமும் இல்லை! பிறகு பொம்மைகளுக்குள் போட்டி வருகிறது. ஹாமிதின் இடுக்கிக்கு முன்னால் சிப்பாயும் நிற்க முடியவில்லை, வக்கீலும் நிற்க முடியவில்லை. வீடு திரும்பிய சிறிது நேரத்திலேயே வக்கீல் சுவரிலிருந்து விழுந்து மண்ணாகிறார். சிப்பாய்க்குக் கால் முறிகிறது.

இவற்றுக்கு நடுவே தொழுகைக் காட்சி ஒன்று வருகிறது. புளிய மர நிழலில் அணியணியாக ஆயிரக்கணக்கானோர் நிற்கிறார்கள். பின்னால் வருபவர் பின் அணியில் சேர்ந்துகொள்கிறார். பணத்தையும் பதவியையும் அங்கே யாரும் பார்ப்பதில்லை என்று பிரேம்சந்த் எழுதுகிறார். அதனை முதன்முதலில் படித்தபோது பெருமையால் பூரித்துப் போனேன். கோகல் காட்டிய பதினான்கு படிகளுக்கும் விடை எங்கள் பள்ளிவாசலில் இருக்கிறது என்று நண்பர்களிடம் வாதாடியிருக்கிறேன். கஅபாவின் கூரை மீதேறி பிலால் (ரலி) அவர்கள் பாங்கு சொன்ன வரலாற்றை எடுத்துக் காட்டுவேன். அந்த வாதத்தை இன்றும் நான் விடவில்லை. ஆனால் 1983 ஆம் ஆண்டுக்குப் பிறகு, அதைச் சொல்லும்போது என் குரல் சற்றுத் தாழ்ந்துவிடுகிறது. காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

அப்போது ஓர் அரசு அலுவலகத்தில் உதவித்தொகை மனுக்களைப் பார்க்கும் பிரிவில் இருந்தேன். எங்கள் ஊர்ப் பெரியவர் ஒருவர், பாத்திரங்களுக்கு ஈயம் பூசுபவர், விதவையான தம் மகளுக்கு உதவித்தொகை கேட்டு மனுச் செய்திருந்தார். துருத்தியும் கரியும் நவச்சாரமுமாகத் தெருத் தெருவாகப் போய் வந்த மனிதர். அவர் அருகில் வந்தாலே நவச்சாரப் புகையின் நெடி அடிக்கும். அந்த மனு நின்று போனதற்குக் காரணம் ஒரே ஓர் எழுத்து. இறந்துபோன மருமகனின் பெயர் இறப்புச் சான்றில் 'ஷேக்' என்றும், ரேஷன் அட்டையில் 'சேக்' என்றும் இருந்தது. இரண்டும் ஒரே ஆள்தானா என்பதற்குச் சான்று தேவை என்று எழுதித் திருப்பியவன் நான்.

வாசகர்களே, இதைப் படிக்கும்போது உங்களுக்குச் சிரிப்பு வரும். நம் வீடுகளில் யாருடைய பெயர்தான் எல்லாத் தாளிலும் ஒரே மாதிரி இருக்கிறது? முகம்மது, முஹம்மது, மொகமது என்று என் பெயரே மூன்று விதமாக எழுதப்பட்டிருக்கிறது. அந்தப் பிரிவில் இருந்த ஆறு பேரில், 'ஷேக்'கும் 'சேக்'கும் ஒன்றே என்று ஐயமற அறிந்திருந்தவன் நான் ஒருவன்தான். விதியைக் காட்டித் திருப்பியவனும் நானே. வேறொருவர் கையில் அந்த மனு போயிருந்தால் ஒருவேளை அந்த எழுத்தைக் கவனிக்காமலே அனுப்பியிருப்பார்கள். நம் ஆள் என்று சலுகை காட்டிவிட்டான் என யாரும் சொல்லிவிடக் கூடாதே என்னும் அச்சம் எனக்குள் இருந்தது. அது நேர்மை என்று அப்போது நம்பினேன்.

அவர் நான்காம் முறையாக வந்த நாள். காலையில்தான் மேலதிகாரி, ஏதோ அறிக்கை தாமதமானதற்காக எல்லார் முன்னிலையிலும் என்னைக் கடிந்திருந்தார். கல்லூரித் தோழர் ஒருவர் வெகுநாள் கழித்து என்னைப் பார்க்க வந்து, மேசையருகே அமர்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். பெரியவர் துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்து நின்றார். "அந்தக் காயிதம்..." என்று தொடங்கினார்.

"எத்தனை தடவை சொல்றது உனக்கு? பேரே சரியில்லாத பேப்பரைத் தூக்கிக்கிட்டு வந்து நின்னா நான் என்ன செய்ய முடியும்? போ, சர்ட்டிபிகேட் வாங்கிட்டு வா!"

அறையில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்க்குமளவுக்குக் குரல் உயர்ந்துவிட்டது. என்னைவிட முப்பத்தைந்து வயது மூத்தவரை நான் 'உனக்கு' என்றேன், 'போ' என்றேன். அவர் என் முகத்தை ஒரு கணம் பார்த்தார். "சரிங்க சார்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். தோழர் சிரித்தபடி, "பெரிய ஆபீசராயிட்டப்பா" என்றார். உண்மையை எழுதுவதென்றால், அந்தச் சொல் எனக்கு அப்போது இனிக்கவே செய்தது.

அந்த வாரமே ஜும்ஆவுக்குப் போனேன். சற்றுத் தாமதமாகிவிட்டது, இகாமத் சொல்லத் தொடங்கிவிட்டார்கள். மூன்றாம் அணியில் ஓர் இடைவெளி தெரிய, அதில் போய் நின்றேன். நவச்சார நெடி வந்தது. வலப்பக்கம் அந்தப் பெரியவர். இமாம் வழக்கம்போல், அணியைச் சீராக்கிக்கொள்ளுங்கள், தோளோடு தோள் சேர்ந்து நில்லுங்கள் என்று சொன்னார்கள். நான் நெருங்கி நின்றேன். அவர் என்னைப் பார்த்ததும் தோளை ஒடுக்கிக்கொண்டார். என் வெள்ளைச் சட்டையில் தம் கை பட்டுவிடக் கூடாது என்பது போல் முழங்கையை உடம்போடு இறுக்கிக்கொண்டு, எனக்கு இடம் விட்டு, அரையடி பின்வாங்கினார். அந்த அரையடிக்கு அணி வளைந்திருந்தது. தொழுகை முடியும்வரை அப்படியே நின்றார்.

ஸலாம் கொடுத்ததும் முகம் திருப்பி அவரைப் பார்த்தேன். அவர் அவசரமாக எழுந்து, "வாரேன் சார்" என்றார். அல்லாஹ்வின் இல்லத்தில், தொழுத இடத்தில், தம் மகன் வயதுள்ளவனை 'தம்பி' என்று அழைக்க வேண்டிய மனிதர், 'சார்' என்றார். அந்த அணிக்குள் படித்தரத்தைக் கொண்டு வந்து நுழைத்தது எந்த அரசரும் அல்லர். வெள்ளைச் சட்டை போட்ட ஓர் எழுத்தன்.

அன்றிரவு பெட்டியிலிருந்த கோகலை எடுத்தேன். பத்தாண்டுகளுக்கு முன் நான் கவனிக்காமல் தாண்டிப் போன ஒரு பக்கத்தை அப்போதுதான் படித்தேன் என்று சொல்ல வேண்டும். அந்த 'முக்கியமான ஆள்' ஏன் அப்படி அதட்டினார்? கோகல் காரணத்தை எழுதியிருக்கிறார். வெகுநாளாகப் பார்க்காத ஒரு பழைய தோழர் அப்போது அறையிலே அமர்ந்திருக்கிறார். அவர் முன்னிலையில் தம் பதவியின் வலிமையைக் காட்ட வேண்டும் என்பதே காரணம். அந்த ஆள் இயல்பில் கெட்டவரும் அல்லர். நல்லவர், உதவும் குணமுடையவர், பதவிதான் அவரைத் தடுமாற வைத்துவிட்டது என்றும் கோகல் எழுதுகிறார். அந்தக் குரலை அவர் வீட்டில் கண்ணாடி முன் நின்று பழகிக்கொண்டாராம். நான் கண்ணாடி முன் பழகவில்லை. காலையில் மேலதிகாரி என்னிடம் பேசிய குரலை அப்படியே வாங்கி வைத்திருந்து, பகலில் வேறொருவரிடம் கொடுத்துவிட்டேன்.

கல்லூரி நாளில் அக்காக்கிக்காக நான் வடித்த கண்ணீரை நினைத்தபோது வெட்கமாக இருந்தது. கோகல் அந்த ஆளுக்கு ஏன் பெயர் வைக்கவில்லை என்பதற்கு அறிஞர்கள் பல காரணம் சொல்லக்கூடும். எனக்கு அன்றிரவு ஒரு காரணம்தான் தோன்றியது.

'அபஸ' அத்தியாயத்தையும் அந்த நாள்களில் பலமுறை ஓதினேன். குறைஷித் தலைவர்கள் இஸ்லாத்தை ஏற்க மாட்டார்களா என்னும் ஆவலோடு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பேசிக்கொண்டிருந்த வேளையில், பார்வையற்ற தோழர் அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்கள் இடையில் வந்ததும், அதன் தொடர்பாக வசனங்கள் இறங்கியதும் நாம் அறிந்ததே. அங்கே நோக்கம் மார்க்கம். அதற்கே அவ்வளவு நுட்பமான உணர்த்தல் வந்ததென்றால், ஒரு தோழரின் சிரிப்புக்காகக் குரலுயர்த்திய என் நிலை என்ன?

மறு திங்களன்று கோப்பை எடுத்து, கிராம நிருவாக அலுவலரிடம் நானே நேரில் போனேன். இரு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்று சான்று எழுதித் தர அவருக்குக் கால் மணி நேரம்கூட ஆகவில்லை. இதை முதல் நாளே சொல்லி அந்த மனிதரை வழிகாட்டி அனுப்பியிருக்கலாம். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது; 'சர்ட்டிபிகேட்' என்று நான் சொன்னது எந்தச் சான்று, யாரிடம் வாங்குவது என்று கேட்கவும் அவருக்குத் துணிவில்லை. மூன்று மாதத்தில் அவருடைய மகளுக்குப் பணவிடை வரத் தொடங்கியது. அவரிடம் மன்னிப்புக் கேட்க இரண்டு வெள்ளிக்கிழமை முயன்றேன். "அதெல்லாம் என்னங்க சார், ஆபீஸ்னா அப்படித்தான்" என்று நகர்ந்துவிட்டார்.

ஒரு நாள் மாலை வீடு திரும்பியபோது, முற்றத்தில் துருத்தி ஊதும் ஓசை கேட்டது. பெரியவர் அமர்ந்து, எங்கள் வீட்டுச் செம்புத் தேக்சாவையும், என் உம்மா கொண்டு வந்த பித்தளைப் பாத்திரங்களையும் ஒன்று விடாமல் வரிசையாக வைத்து ஈயம் பூசிக்கொண்டிருந்தார். தாமாகவே வந்து, "பாத்திரம் இருந்தா எடுத்துப் போடும்மா" என்று என் மனைவியிடம் கேட்டு வாங்கினாராம். உள்ளே வெள்ளியைப் போல் மின்னியது. கூலி கொடுத்தேன். வாங்க மறுத்தார். வற்புறுத்தினேன். "சார் வீட்டுல காசு வாங்குவாங்களா?" என்று சொல்லிக்கொண்டே சாமான்களைக் கட்டிவிட்டார். பணத்தை மறுநாள் அவர் மகளிடம் கொடுத்தனுப்பினேன். அதுவும் திரும்பி வந்துவிட்டது.

அவர் நன்றியாகச் செய்தாரா, இனியும் ஒரு மனு வரக்கூடும் என்று முன்னதாகவே செலுத்தி வைத்தாரா என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. பின்னும் ஏழெட்டு ஆண்டுகள் இருந்தார். எத்தனையோ தொழுகைகளில் அருகருகே நின்றோம். என் தோளை அவர் தோளோடு சேர்க்க நான் முயல்வதும், அவர் கொஞ்சம் ஒடுங்குவதும் கடைசி வரை தொடர்ந்தன. அவருடைய ஜனாஸாவைத் தூக்கியவர்களில் நானும் ஒருவன். சந்தூக்கின் மரம் தோளில் அழுந்தியபோது நவச்சார நெடி வருமென்று ஏனோ எதிர்பார்த்தேன். சந்தனத்தின் மணம்தான் வந்தது.

பேரனுக்கு இந்தக் கதையை இதுவரை சொல்லவில்லை. அந்தத் தேக்சா பரணில் இருக்கிறது. ஈயம் தேய்ந்து செம்பு தெரிகிறது. பூசித் தர இப்போது எங்கள் ஊரில் ஆள் இல்லை.